ஆங்கிலப் பெயர்ச்சொற்களை வரைவிலக்கணத்தோடு படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தரம் முடித்து வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்கோ ஒலுவில் பல்கலைக்கழகத்துக்கோ போகக் காத்திருக்கும் பிள்ளைகள், தொண்டு நிறுவன வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள், ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை எழுதப் போகிறவர்கள், வீட்டில் பிள்ளையோடு சேர்ந்து தாங்களும் ஆங்கிலம் படிக்க ஆசைப்படும் தாய்மார் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. ஆங்கிலச் சொற்களை இங்கே தமிழெழுத்திலேயே தந்திருக்கிறேன். எழுத்துக்கூட்டலை அகராதியில் நீங்களே தேடிப் பிடித்துக் கொப்பியில் எழுதுங்கள். தேடி எழுதிய சொல் கையிலும் நிற்கும், கண்ணிலும் நிற்கும்.

சொல்வளம் என்றால் எல்லா வகைச் சொல்லும்தானே? ஏன் பெயர்ச்சொல்லிலிருந்து தொடங்கச் சொல்கிறீர்கள்?

பேச்சு ஆங்கிலம் வினைச்சொல்லில் ஓடுகிறது. பாடநூல், அறிக்கை, பத்திரிகைத் தலையங்கம், சட்டக் கடிதம் எல்லாம் பெயர்ச்சொல்லில் ஓடுகின்றன. “வெள்ளம் வந்தது, சனங்கள் வீட்டை விட்டுப் போனார்கள், நெல் அழிந்தது” என்று நாம் பேசுவோம். அதையே ஓர் அறிக்கை எழுதினால் வெள்ளத்தால் ஏற்பட்ட ‘டிஸ்பிளேஸ்மன்ட்’, பயிரின் ‘டிஸ்ட்ரக்ஷன்’ என்று எழுதும். போனார்கள், அழிந்தது என்ற வினைகள் இரண்டும் பெயராகிவிட்டன. தமிழிலும் இதே வேலை நடக்கிறது. இடம்பெயர்வு, பயிரழிவு என்றுதான் கச்சேரியிலிருந்து வரும் அரசாங்கக் கடிதத்தில் இருக்கும்.

பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டில் தடுக்கி விழும் பிள்ளைகள் பெரும்பாலும் இலக்கணத்தில் விழுவதில்லை. ஒரு வசனத்தில் நான்கு கனமான பெயர்ச்சொற்கள் அடுத்தடுத்து வந்தால் வசனம் முழுவதும் இருண்டுவிடுகிறது. அந்த நான்கையும் பிடித்துவிட்டால் மிச்சம் ‘இஸ்’, ‘ஆஃப்’, ‘இன்’ போன்ற தெரிந்த சொற்கள்தான். உயர்தரப் பொது ஆங்கிலப் பெறுபேறு, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளிக்குச் சேராது என்பதால் பலர் அந்தப் பாடத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். விஞ்ஞானமும் முகாமைத்துவமும் ஆங்கிலத்தில் நடக்கும் விரிவுரை மண்டபத்தில் போய் உட்காரும்போதுதான் அதன் விலை தெரிகிறது.

வரைவிலக்கணத்தோடு படிப்பது என்றால் சரியாக என்ன செய்ய வேண்டும்?

ஒரு பெயர்ச்சொல்லுக்கு வரைவிலக்கணம் சொல்வது இரண்டு படி. முதலில், அது எந்த இனத்தைச் சேர்ந்தது என்று சொல்ல வேண்டும். அடுத்து, அந்த இனத்திலுள்ள மற்றவற்றிலிருந்து எதனால் வேறுபடுகிறது என்று சொல்ல வேண்டும். அரிஸ்டோட்டில் காலத்திலிருந்து வரும் முறை இது. இன்றைய அகராதிகளிலும் பெயர்ச்சொல்லுக்கான விளக்கங்கள் பெரும்பாலும் இந்த அமைப்பில்தான் இருக்கின்றன.

நமது ஊரையே எடுத்துக்கொள்வோம். ‘லகூன்’ என்றால் என்ன? இனம்: நீர்ப்பரப்பு. வேறுபாடு: ஆழம் குறைந்தது, மணல்திட்டோ பவளப்பாறையோ குறுக்கே கிடந்து கடலிலிருந்து பிரித்து வைத்திருப்பது. மட்டக்களப்பு வாவி அதுதான். சுமார் 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கரைக்குச் சமாந்தரமாகக் கிடக்கிறது. கல்லடிப் பாலத்தில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் நகரம். மறுபக்கம் வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய நிலத்துண்டு. அந்த நிலத்துண்டு இருப்பதால்தான் அது ‘லகூன்’.

இனி அதன் உறவுக்காரச் சொற்களைப் பாருங்கள். ‘பே’ என்பதும் நீர்ப்பரப்புத்தான், ஆனால் கடலே உள்வளைந்து கரைக்குள் புகுந்த இடம். பாசிக்குடாவும் அறுகம்குடாவும் அப்படிப்பட்டவை, பெயரிலேயே குடா இருக்கிறது. ‘எஸ்சுவரி’ என்பது ஆறு கடலோடு கலக்கும் அகன்ற வாய். கடலின் வற்றுப்பெருக்கு அங்கே ஆற்றுக்குள் ஏறி இறங்கும். ‘லேக்’ என்பது நான்கு பக்கமும் நிலம் சூழ்ந்தது. ‘ரெசவோயர்’ என்பது பயன்பாட்டுக்காக நீரைத் தேக்கி வைத்தது. அம்பாறையின் சேனநாயக்க சமுத்திரம் பெயரில் சமுத்திரம், இனத்தில் ‘ரெசவோயர்’. ஐந்து சொல்லுக்கும் இனம் ஒன்றே. எங்கே பிரிகின்றன என்பதுதான் பாடம். ஐந்தையும் தனித்தனி நாளில் பாடமாக்குவதைவிட ஒரே பக்கத்தில் வைத்துப் பிரித்துப் பார்ப்பது பல மடங்கு நல்லது.

இதில் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. உன்னிச்சைக் குளத்தை இலங்கை ஆங்கிலத்தில் ‘டேங்க்’ என்போம். இந்தியாவிலும் இலங்கையிலும் அது சரியான சொல். ஆனால் வெளிநாட்டில் இருந்து வாசிப்பவர் மனதில் கூரையில் வைக்கும் தண்ணீர்த் தாங்கிதான் வரும். அவருக்கு எழுதும்போது ‘ரெசவோயர்’ என்று எழுதுங்கள், அல்லது ‘இரிகேஷன் டேங்க்’ என்று முன்னால் ஒரு சொல் சேர்த்துவிடுங்கள்.

தமிழ்க் கருத்தைப் பக்கத்தில் எழுதிப் பாடமாக்கினால் போதாதா? அதுதானே சுலபம்?

சில சொற்களுக்குப் போதும். ‘ஹெரன்’ என்றால் கொக்கு, ‘மேங்ரோவ்’ என்றால் கண்டல். கண்ணால் கண்ட பொருளுக்கு வரைவிலக்கணம் எழுதி நேரத்தைப் போக்க வேண்டாம்.

சிக்கல் வருவது, ஒரு தமிழ்ச் சொல்லுக்குள் பல ஆங்கிலச் சொற்கள் போய் உட்காரும்போது. ‘பொறுப்பு’ என்ற சொல்லைப் பாருங்கள். ‘ரெஸ்பொன்ஸிபிலிட்டி’க்கும் பொறுப்பு என்று எழுதுவோம், ‘அக்கவுன்டபிலிட்டி’க்கும் அதுதான், ‘லயபிலிட்டி’க்கும் அதுதான், ‘கஸ்டடி’க்கும் ஏறக்குறைய அதுதான். கொப்பியில் நான்கு சொல்லுக்கும் நேரே ஒரே தமிழ்ச் சொல் இருக்கும். பரீட்சையில் எதைப் போடுவது?

வரைவிலக்கணம் இதைத் தீர்த்து வைக்கும். ‘ரெஸ்பொன்ஸிபிலிட்டி’ என்பது உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட கடமை. வேலை முடியுமுன்னரே அது உங்கள் தலையில் இருக்கிறது. ‘அக்கவுன்டபிலிட்டி’ என்பது செய்ததற்கும் செய்யத் தவறியதற்கும் பதில் சொல்லியாக வேண்டிய நிலை. ‘லயபிலிட்டி’ என்பது சட்டப்படி கொடுக்கவோ ஈடுசெய்யவோ கடமைப்பட்ட நிலை. வர்த்தகப் பிரிவுப் பிள்ளைகள் ஐந்தொகையில் சொத்துக்களுக்கு எதிர்ப்பக்கம் எழுதும் ‘பொறுப்புக்கள்’ இதுவே. ‘கஸ்டடி’ என்பது ஒருவரைப் பாதுகாப்பில் வைத்திருக்கும் உரிமை, அல்லது ஒருவர் தடுத்து வைக்கப்பட்டிருக்கும் நிலை. விவாகரத்து வழக்கில் பிள்ளைக்கும், பொலிஸ் நிலையத்தில் சந்தேக நபருக்கும் ஒரே சொல் வருவது இதனால்தான்.

அதற்காகத் தமிழை ஒதுக்கிவிடச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளைக்கு ஒளித்தொகுப்பு, மண்ணரிப்பு, பணவீக்கம் எல்லாம் ஏற்கெனவே தெளிவாகத் தெரியும். கருத்து கைவசம் இருக்கிறது. ஆங்கிலப் பெயரை மட்டும் அதில் ஒட்டினால் போதும். இந்தக் கலைச்சொற்கள் தாமாக வந்தவை அல்ல. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர் விஞ்ஞானம் படித்தவர், தமிழில் கலைச்சொல் ஆக்கும் பணியிலும் முன்னின்றவர். அப்படிப்பட்டவர்களின் உழைப்பால் வந்த சொற்களை வைத்துத்தான் நமது பிள்ளைகள் பௌதிகமும் இரசாயனமும் படிக்கிறார்கள். அதைப் பலவீனம் என்று நினைத்துக் கூசுகிற பிள்ளைகளைக் காணும்போது எனக்கு மனம் வருந்துகிறது.

கொப்பியில் ஒரு சொல்லை எப்படி எழுதுவது? ஓர் உதாரணம் காட்ட முடியுமா?

‘லைவ்லிஹுட்’ என்ற சொல்லை எடுப்போம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நமது கரையோரத்தில் ஆங்கிலம் தெரியாதவர்களும் பழகிக்கொண்ட சொல் இது. தொண்டு நிறுவனப் படிவம் எல்லாவற்றிலும் இருந்தது. வாழ்வாதாரம் என்று தமிழில் சொல்கிறோம்.

கொப்பியின் ஒரு பக்கத்தை இந்த ஒரு சொல்லுக்கே விடுங்கள். மேலே சொல். அதன் கீழ் இனம்: ‘அ வே’, அதாவது ஒரு வழி. அடுத்த வரியில் வேறுபாடு: வாழத் தேவையான பணத்தையோ உணவையோ தேடிக்கொள்ளும் வழி. இதை எளிய ஆங்கிலத்தில் நீங்களாகவே எழுத வேண்டும். அகராதியைப் பார்த்துப் பிரதி செய்தால் பாதிப் பயன் போய்விடும். முதலில் எழுதுங்கள், பிறகு அகராதியோடு ஒப்பிடுங்கள், விட்டதைச் சேருங்கள்.

அதன்பின் பக்கத்து வீட்டுச் சொற்கள். ‘ஜொப்’ என்பது சம்பளத்துக்குச் செய்யும் வேலை. ‘இன்கம்’ என்பது கைக்கு வரும் பணம். ‘ஒக்கியுபேஷன்’ என்பது படிவத்தில் நிரப்பும் தொழில். நாவலடியில் தோணியையும் வலையையும் கடல் கொண்டுபோன ஒருவர் ‘ஜொப்’பை இழந்தார் என்று எழுதினால் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார் என்று அர்த்தமாகிவிடும். அவர் இழந்தது ‘லைவ்லிஹுட்’.

இதற்குக் கீழே, அந்தச் சொல்லோடு கூட வரும் வினைச்சொற்கள். ‘ஏர்ன்’ வரும், ‘லூஸ்’ வரும், ‘த்ரெட்டன்’ வரும். ‘டூ அ லைவ்லிஹுட்’ என்று யாரும் சொல்வதில்லை. கடைசியாக, உங்களுக்குத் தெரிந்த இடமும் ஆட்களும் உள்ள ஒரு வசனம். “மெனி ஃபெமிலீஸ் இன் நாவலடி லொஸ்ட் தெயர் லைவ்லிஹுட்ஸ் இன் த சுனாமி.” லண்டனையும் நியூயோர்க்கையும் வைத்து எழுதிய வசனம் மனதில் தங்குவதில்லை.

இத்தனையும் ஒரு சொல்லுக்கா என்று மலைக்க வேண்டாம். முதற்சில பக்கங்கள்தான் மெதுவாகப் போகும்.

பொருள்களுக்குச் சரி. கண்ணுக்குத் தெரியாத சொற்களுக்கு எப்படி வரைவிலக்கணம் சொல்வது?

உயர்நிலைச் சொற்களில் கஷ்டம் கொடுப்பவை இவைதான். ஆனால் ஒரு வழி இருக்கிறது, நமது இலக்கண வகுப்பிலேயே அதன் பாதி இருக்கிறது. பெயர்ச்சொல்லைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று ஆறாகப் பிரித்துப் படித்திருக்கிறோம். ஆங்கிலத்துக்கும் இதே கேள்வியைப் போடுங்கள்: இந்தச் சொல் எதன் பெயர்? ஒரு குணமா, செயலா, ஒரு காலப்பகுதியா, ஓர் ஆளா?

‘ரெசிலியன்ஸ்’ எதன் பெயர்? ஓர் ஆற்றலின் பெயர். என்ன ஆற்றல்? அடிபட்ட பிறகு மீண்டெழும் ஆற்றல். ‘இரோஷன்’ ஒரு செயல்முறையின் பெயர்: மண்ணோ பாறையோ நீராலும் காற்றாலும் கொஞ்சம் கொஞ்சமாக அரிபடுவது, ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கரையோரத்தில் இருப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ‘ட்ரவுட்’ ஒரு காலப்பகுதியின் பெயர்: மழை இல்லாத அல்லது மிகக் குறைந்த நீண்ட காலம். ‘டெஃபிசிட்’ ஓர் அளவின் பெயர்: இருக்க வேண்டியதற்கும் இருப்பதற்கும் இடையிலுள்ள குறை. ‘கன்சென்சஸ்’ ஓர் உடன்பாடு: கூட்டத்திலுள்ள எல்லோரும் ஒத்துக்கொண்டது. ‘ரிலக்டன்ஸ்’ ஒரு மனநிலை: செய்ய விருப்பமில்லாமல் தயங்குவது.

ஆற்றல், செயல், செயல்முறை, நிலை, தன்மை, உணர்வு, நம்பிக்கை, அளவு, காலப்பகுதி, ஆள். இவற்றுக்கான எளிய ஆங்கிலச் சொற்களை முதலில் கைவசப்படுத்துங்கள். அருவமான பெயர்ச்சொற்களில் மிகப் பெரும்பகுதிக்கு இவற்றில் ஒன்று இனமாக வந்துவிடும்.

இரண்டு பிழைகளை மட்டும் தவிர்க்க வேண்டும். “ட்ரவுட் இஸ் வென் தெயர் இஸ் நோ ரெய்ன்” என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். ‘இஸ் வென்’ என்று தொடங்கினால் இனம் இல்லாமல் போய்விடுகிறது. ‘அ லோங் பீரியட்’ என்று தொடங்கிப் பாருங்கள், வசனம் தானாக நிமிரும். மற்றது, ‘இரோஷன்’ என்பது ‘இரோட்’ பண்ணுவது என்று அதே சொல்லால் அதையே விளக்குவது. தெரியாதவருக்கு அது ஒன்றையும் சொல்லாது.

சொல்லின் கடைசி எழுத்துகளைப் பார்த்தே கருத்தைக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே?

கருத்தை முழுதாகக் கண்டுபிடிக்க முடியாது, இனத்தைப் பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம். ‘நெஸ்’, ‘இட்டி’ என்று முடிந்தால் தன்மை. ‘ஹுட்’, ‘ஷிப்’ என்று முடிந்தால் நிலை அல்லது உறவு. ‘இசம்’ என்றால் கொள்கை, ‘இஸ்ட்’ என்றால் அதைப் பின்பற்றுகிறவர் அல்லது அத்துறைக்காரர். ‘ஈ’ என்று முடியும் ஆட்பெயர்களில் பெரும்பாலும் செயலைச் செய்பவர் வேறொருவர். இவர் அதைப் பெறுகிறவர். ‘எம்ப்ளோயர்’ வேலை கொடுப்பவர், ‘எம்ப்ளோயீ’ வேலை கொடுக்கப்பட்டவர். ‘ட்ரெயினீ’, ‘நொமினீ’ இவற்றையும் இப்படியே பாருங்கள். வங்கிப் படிவத்தில் ‘நொமினீ’ என்ற இடத்தில் தன் பெயரையே எழுதிவிட்டு நிற்பவர்கள் உண்டு.

‘ஷன்’, ‘மன்ட்’ என்று முடிவனவற்றில் மட்டும் நிதானம் வேண்டும். அவை செயலையும் குறிக்கும், செயலின் விளைவையும் குறிக்கும். ‘செட்டில்மன்ட்’ நல்ல உதாரணம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பற்றி வாசித்தால் அந்தச் சொல் சனங்களைக் குடியேற்றும் செயலையும் சொல்லும், அப்படி உருவான குடியிருப்பையும் சொல்லும். காணி வழக்கில் வந்தால் தகராறைத் தீர்த்துக்கொண்ட இணக்கம். வங்கிக் கடிதத்தில் வந்தால் கடனைக் கட்டி முடிப்பது. அகராதியில் முதலாவது கருத்தோடு நின்றுவிடாமல் உங்கள் வசனத்துக்குப் பொருந்துவது எந்த இனம் என்று பார்த்தால் சரியான இலக்கத்தில் போய் நிற்பீர்கள்.

எந்த அகராதி வாங்குவது?

ஆங்கிலம் படிப்பவர்களுக்கென்றே தொகுத்த அகராதியாக இருக்க வேண்டும். ஆங்கிலேயருக்காக எழுதிய பெரிய அகராதி ஒரு கடினச் சொல்லை இன்னும் மூன்று கடினச் சொற்களால் விளக்கும். ஹோர்ன்பி தொகுத்து 1948இல் ஒக்ஸ்போர்ட் வெளியிட்ட கற்போர் அகராதி இன்றுவரை புதிய பதிப்புகளாக வந்துகொண்டிருக்கிறது. 1978இல் வந்த லோங்மன் அகராதி, விளக்கங்களை எல்லாம் ஏறக்குறைய 2000 எளிய சொற்களுக்குள்ளேயே எழுதுவது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டது. நமது முறைக்கு இது மிகவும் பொருந்தும். அந்த 2000 சொல் தெரிந்தவருக்கு அகராதி முழுவதும் திறந்துவிடும். கேம்பிரிட்ஜ் கற்போர் அகராதியும் நல்லது. மூன்றையும் இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம், போனில் போதும்.

ஆங்கில–தமிழ் அகராதியும் வைத்திருங்கள். ஆனால் அதைக் கடைசியில் திறவுங்கள்.

எந்தச் சொற்களை முதலில் படிப்பது? அகராதியை ‘ஏ’யிலிருந்து தொடங்கலாமா?

வேண்டாம். அப்படித் தொடங்கியவர்கள் ‘பி’யைத் தாண்டுவது அபூர்வம்.

அடிப்படைக்கு மைக்கல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பொதுச்சொற் பட்டியல் இருக்கிறது, சுமார் 2000 தலைச்சொற்கள். பழையதுதான், ஆனாலும் அத்திவாரம் போட உதவும். ஒக்ஸ்போர்டின் 3000 சொற்பட்டியல் இன்றைய வழக்குக்கு இன்னும் நெருக்கமானது. அதைத் தாண்டியவர்களுக்கு, நியூசிலாந்தைச் சேர்ந்த ஆவெரில் கொக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியல். அதில் 570 சொற்குடும்பங்கள், பத்துப் பகுதிகளாக, அதிகம் வருபவை முதலில். ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும் சேர்ந்தது ஒரு சொற்குடும்பம். கல்வி நூல்களில் வரும் சொற்களில் சுமார் பத்தில் ஒரு பங்கு இந்த 570 குடும்பங்களிலிருந்தே வருகிறது என்பது அவர் கண்டது. முதற்பகுதியிலேயே ‘எவிடன்ஸ்’, ‘பொலிசி’, ‘கொன்செப்ட்’, ‘தியரி’, ‘இன்கம்’ எல்லாம் இருக்கின்றன. பல்கலைக்கழகம் போகிறவர்கள் வேறு எதையும் தேடாமல் இந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டால் நன்மை.

வேலைக்குப் போகிறவர்களுக்கு என் ஆலோசனை வேறு. நீங்கள் போக விரும்பும் இடத்தின் அறிக்கை ஒன்று, ‘டென்டர்’ என்னும் கேள்விப்பத்திர அறிவித்தல் ஒன்று, வேலை விளம்பரம் ஒன்று எடுத்து அதிலுள்ள பெயர்ச்சொற்களுக்குக் கீழே கோடு போடுங்கள். ‘பெனிஃபிஷரி’, ‘ஸ்டேக்ஹோல்டர்’, ‘ப்ரொக்கியுர்மன்ட்’, ‘க்ரீவன்ஸ்’ என்று திரும்பத் திரும்ப ஒரே கூட்டம் வரும். அதுதான் உங்கள் பட்டியல்.

ஒரு நாளைக்கு எத்தனை சொல்?

மேலே சொன்னபடி முழுதாக எழுதினால் மூன்று போதும். விடுமுறை நாளில் ஐந்து. ஐம்பது எழுதுகிறவர்கள் ஒரு கிழமையில் கொப்பியை மூடிவிடுகிறார்கள்.

படிக்கிறேன், இரண்டு நாளில் மறந்துவிடுகிறது. என்ன செய்வது?

மறப்பது இயற்கை. ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இலேயே இதை அளந்து காட்டினார்: படித்த முதல் நாட்களில்தான் மறதி வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது. ஆகவே திருப்பிப் பார்ப்பதை ஆரம்பத்தில் நெருக்கமாகவும் போகப்போக இடைவெளி விட்டும் செய்ய வேண்டும். மறுநாள் ஒருதரம், மூன்றாம் நாள், பிறகு ஒரு கிழமை, பிறகு ஒரு மாதம்.

திருப்பிப் பார்ப்பது என்றால் வாசிப்பதல்ல. வரைவிலக்கணத்தை வாசித்துச் சொல்லை நினைவிலிருந்து எடுக்க வேண்டும், அல்லது சொல்லைப் பார்த்து வரைவிலக்கணத்தை வாயால் சொல்ல வேண்டும். பழைய கல்யாணக் கார்ட்டுகளை வெட்டினால் நல்ல தடித்த அட்டை கிடைக்கும். ஒரு பக்கம் சொல், மறுபக்கம் வரைவிலக்கணம். சரியாகச் சொன்னதை அடுத்த பெட்டிக்கு மாற்றுங்கள், அந்தப் பெட்டியை அரிதாகத் திறவுங்கள். பிழைத்ததை முதற்பெட்டிக்கே திருப்புங்கள், அதைத் தினமும் திறவுங்கள். லைட்னர் என்பவர் 1970களில் பிரபலமாக்கிய முறை இது. இன்றைய போன் செயலிகள் பலவற்றின் அடிப்படையும் இதுவே.

தகவல்கள், ஆலோசனைகள் என்று தமிழில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ‘இன்ஃபொர்மேஷன்ஸ்’, ‘அட்வைசஸ்’ என்று எழுதினால் ஏன் வெட்டுகிறார்கள்?

தமிழில் ‘கள்’ விகுதி தாராளமாகச் சேரும். தகவல்கள், ஆலோசனைகள், உபகரணங்கள், தளபாடங்கள், சான்றுகள் எல்லாம் நமக்குச் சரி. ஆங்கிலம் ‘இன்ஃபொர்மேஷன்’, ‘அட்வைஸ்’, ‘எக்விப்மன்ட்’, ‘ஃபர்னிச்சர்’, ‘எவிடன்ஸ்’ ஆகியவற்றை எண்ணாமல் மொத்தமாகப் பார்க்கிறது. தண்ணீரை நாம் எண்ணாததுபோல. எண்ண வேண்டுமானால் ‘அ பீஸ் ஆஃப்’ என்று முன்னால் போட வேண்டும்.

கற்போர் அகராதி ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பக்கத்தில் எண்ணக்கூடியதா இல்லையா என்று குறித்திருக்கும். வரைவிலக்கணம் எழுதும்போதே அந்தக் குறியையும் எழுதிவிடுங்கள். சில சொற்கள் இரண்டு பக்கமும் நிற்கும்: ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்றால் வேலையில் சேர்ந்த அனுபவம், எண்ண முடியாது, ‘எக்ஸ்பீரியன்சஸ்’ என்றால் வாழ்க்கையில் நடந்த சம்பவங்கள். விண்ணப்பத்தில் இந்த ஓர் எழுத்து கருத்தையே மாற்றிவிடும்.

எழுதும்போது வருகிறது, பேசும்போது சொல் வாயில் வருவதில்லை.

இரண்டு பேர் சேருங்கள். ஒருவர் அட்டையை எடுத்து, சொல்லைச் சொல்லாமல் இனத்தையும் வேறுபாட்டையும் மட்டும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். பஸ்ஸில் கல்முனை போய்ச் சேருமுன் ஒரு கட்டு அட்டை முடிந்துவிடும். இதில் கிடைக்கும் பெரிய நன்மை, பேச்சின் நடுவே சொல் மறந்தாலும் வாய் நின்றுவிடாது. ‘ரெசவோயர்’ ஞாபகம் வராவிட்டால் விவசாயத்துக்குத் தண்ணீர் சேர்த்து வைக்கும் இடம் என்று சொல்லிக்கொண்டு போய்விடுவீர்கள்.

உச்சரிப்பில் ஒன்றைக் கவனியுங்கள். தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசையில் அழுத்தம் விழ வேண்டும். ‘ஷன்’ என்று முடிந்தால் அதற்கு முந்திய அசையில் அழுத்தம்: ‘எஜுகேஷன்’ என்பதில் ‘கே’. ‘இட்டி’ என்று முடிந்தாலும் அப்படியே: ‘அபிலிட்டி’யில் ‘பி’. ‘ரெக்கோர்ட்’, ‘எக்ஸ்போர்ட்’, ‘ப்ரோட்டெஸ்ட்’ போன்றவை பெயராக வரும்போது முதல் அசையிலும் வினையாக வரும்போது இரண்டாம் அசையிலும் அழுத்தம் பெறும்.

ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையில் கடினமான சொற்களை நிறையப் போட்டால் புள்ளி கூடுமா?

கூடாது, இடம் தவறினால் குறையும். எழுத்திலும் பேச்சிலும் நான்கு அளவுகோல்கள் சம நிறையோடு பார்க்கப்படுகின்றன, அவற்றில் ஒன்று சொல்வளம். அங்கே பார்ப்பது சொல்லின் பரப்பும் துல்லியமும், கூட வரும் சொற்களோடு அது பொருந்துகிறதா என்பதும். வேறு சொற்களில் மாற்றிச் சொல்லும் திறனும் பேச்சுப் பரீட்சையில் கணக்கெடுக்கப்படுகிறது. வரைவிலக்கணம் சொல்லிப் பழகியவருக்கு அது ஏற்கெனவே கைவந்திருக்கும்.

பாடமாக்கிய பெரிய சொற்களால் நிரப்பிய கட்டுரையைப் பார்த்த உடனே தெரியும். ‘பிளெத்தரா’ என்று ஒரு சொல்லை யாரோ சொல்லிக்கொடுக்க, எல்லாக் கட்டுரையிலும் அது வருகிறது. அதன் கருத்து நிறைய என்பதல்ல, தேவைக்கு மிஞ்சிய அளவு. பாடசாலைகள் தேவைக்கு மிஞ்சி இருக்கின்றன என்று எழுத நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்கள்.

மாதம் ஒன்றில் உயர்நிலை ஆங்கிலம் என்ற விளம்பரங்களை நம்பலாமா?

காசைக் கொடுக்காதீர்கள். ஆங்கிலப் பத்திரிகையையும் நாவலையும் பிறர் உதவியில்லாமல் வாசிக்க 8000 முதல் 9000 வரையான சொற்குடும்பங்கள் தேவை என்று போல் நேஷன் என்ற ஆய்வாளர் 2006இல் கணக்கிட்டார். பேச்சை விளங்கிக்கொள்ள 6000 முதல் 7000. இது ஆண்டுக்கணக்கான வேலை. ஆனால் முதல் 2000இலும் அந்தக் கல்விசார் 570இலும் கிடைக்கும் பலன் மிகப் பெரியது, அதை ஒன்றிரண்டு வருடத்தில் தொட்டுவிடலாம்.

எனக்கு நாற்பது வயது. ஓ.எல். ஆங்கிலம் சாதாரண சித்திதான். இனிப் படிக்கலாமா?

தாராளமாக. இந்த முறை பெரியவர்களுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் கருத்துகள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அடைமானம், பிணை, உறுதி, வட்டி, தவணை என்றால் என்னவென்று வாழ்ந்து அறிந்தவருக்கு ‘மோர்ட்கேஜ்’, ‘கொலெட்டரல்’, ‘டீட்’ சொல்லிக் கொடுப்பது பதினாறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதைவிட மிக எளிது. உங்கள் தொழிலிலுள்ள சொற்களில் தொடங்குங்கள். தாதி என்றால் மருந்துச் சிட்டையிலிருந்து, வயல்காரர் என்றால் உரப்பையிலுள்ள எழுத்திலிருந்து.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் எல்லா வரைவிலக்கணமும் தருகிறதே, நான் ஏன் எழுத வேண்டும்?

அது எழுதினால் பயிற்சி அதற்குத்தான். நீங்கள் எழுதி முடித்த வரைவிலக்கணத்தைக் கொடுத்து, “இது வேறு எந்தச் சொல்லுக்கும் பொருந்துமா?” என்று கேளுங்கள். ‘லகூன்’ என்பதற்கு ‘கடலுக்குப் பக்கத்திலுள்ள தண்ணீர்’ என்று எழுதியிருந்தால், துறைமுகத்துக்கும் உப்பளத்துக்கும் அது பொருந்துமே என்று பதில் வரும். அப்போது திருத்துங்கள். அது தரும் பதிலையும் கற்போர் அகராதியில் ஒருதரம் சரிபார்த்துவிட்டுக் கொப்பியில் ஏற்றுங்கள்.